நீக்கினீர்கள், ஏன் எங்களிடம் சொல்லவில்லை? டேட்டிங் செயலி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

டேட்டிங் செயலிகளையும் துணை தேடும் தளங்களையும் நடத்துகிற நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

உங்களில் ஒரு நிறுவனம் என் அக்காவுக்கு அனுப்பிய பதில்தான் இந்த மடலை எழுத வைத்தது. "மற்றொரு பயனரின் கணக்கு தொடர்பான விவரங்களைத் தனியுரிமை காரணமாக எங்களால் பகிர இயலாது" என்பதுதான் அந்தப் பதிலின் சாரம். உங்கள் செயலியில் பழகித் தன்னை ஏமாற்றியவன் யார், எந்த ஊர் என்றெல்லாம் அக்கா கேட்கவில்லை. அவனுடைய கணக்கை நீங்கள் எடுத்தது மோசடிக்காகத்தானா, ஆமென்றால் அதை அன்றைக்கே எனக்கு ஏன் சொல்லவில்லை என்று மட்டும்தான் கேட்டாள். இதுவரை அதற்குப் பதில் இல்லை. இதே மாதிரி ஏமாற்றப்பட்ட வேறு சிலரோடும் நான் பேசிவிட்டேன். அவர்கள் பயன்படுத்தியது வேறு வேறு செயலிகள், ஆனால் எல்லாருக்கும் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். அதனால் ஒரு பெயரைச் சொல்லாமல் உங்கள் எல்லாரையும் பார்த்தே கேட்கிறேன்.

என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அக்காவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

அக்கா கணவரை இழந்தவள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். செயலியில் அறிமுகமானவன் கடல் நடுவே எண்ணெய்க் கிணற்றில் பொறியாளராக வேலை பார்ப்பதாகச் சொன்னான், தனக்கும் மனைவி இல்லை என்றான். கொஞ்ச நாளில் "இங்கே மெசேஜ் சரியாக வருவதில்லை, வாட்ஸ்அப்புக்குப் போய்விடலாம்" என்றான். அதற்கப்புறம் விடிந்தால் அவனுடைய மெசேஜ்தான். பிரஷர் மாத்திரை போட்டாயா, முழங்கால் வலி இன்றைக்குப் பரவாயில்லையா, நேற்று மகள் பேசினாளா, இல்லையென்றால் அவளுக்கு வேலை இருந்திருக்கும், மனதில் வைத்துக்கொள்ளாதே. பணத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாமல் பக்கம் பக்கமாகப் போகிற அந்த உரையாடலை நான் பிற்பாடு முழுவதும் படித்தேன், "இந்த வயசில் இது தேவையா" என்று அவளைக் கேட்டவர்கள் யாரும் அதில் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை.

பிறகு ஒருநாள் உங்கள் செயலியில் அவனுடைய படமும் பெயரும் காணாமல் போயின, பழைய உரையாடலும் சேர்ந்தே போயிற்று. அக்காவுக்குக் குழப்பம். வாட்ஸ்அப்பில் அவனிடமே கேட்டாள். "நான்தான் மூடிவிட்டேன். நீ கிடைத்த பிறகு எனக்கு அங்கே என்ன வேலை? நீயும் மூடிவிடேன்" என்று பதில் வந்தது. அவளும் மூடிவிட்டாள்.

அவள் முதல் பணத்தை அனுப்பியது அதற்குப் பிறகுதான் என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். காவல்துறையில் புகார் கொடுத்து, அவர்கள் வழியாகக் கேட்ட பிறகுதான் உண்மை தெரிந்தது. அவன் எதையும் மூடவில்லை, விதிமீறல் என்று சொல்லி உங்கள் பாதுகாப்புக் குழுதான் அந்தக் கணக்கை நீக்கியிருக்கிறது. யாரோ ஒருவர் புகார் கொடுத்திருக்க வேண்டும், அல்லது உங்கள் கணினியே கண்டுபிடித்திருக்க வேண்டும். எப்படியோ, அவன் சரியில்லாதவன் என்று அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவன் யார் யாரோடு பேசிக்கொண்டிருந்தான் என்ற பட்டியலும் உங்கள் சர்வரிலேயே இருந்தது. அந்தப் பட்டியலில் இருந்தவர்களுக்கு இரண்டு வரி போகவில்லை. நீங்கள் பேசாமல் இருந்ததையே அவன் தன் காதலுக்குச் சாட்சியாக மாற்றிக்கொண்டான்.

பிறகு நடந்தது உங்களுக்கே மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். சேர்ந்து வாழப் போகிற வாழ்க்கைக்குச் சேமிப்பு வேண்டும் என்று கிரிப்டோ என்கிற டிஜிட்டல் நாணயத்தில் முதலீடு செய்யும் ஒரு தளத்தைக் காட்டினான். திரையில் லாபம் ஏறிக்கொண்டே போனது. சந்தேகம் வந்து ஒரு சின்னத் தொகையை எடுத்துப் பார்த்தாள், உடனே கைக்கு வந்தது. அந்த நம்பிக்கையில் ஓய்வுப் பணத்தில் பெரும்பகுதி உள்ளே போயிற்று. மொத்தமாக எடுக்க முயன்றபோது முதலில் வரி கட்டு என்றது, கட்டியதும் சரிபார்ப்புக் கட்டணம் என்றது. எல்லாம் முடிந்து அவள் ஓய்ந்து உட்கார்ந்திருந்தபோது, போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்று வேறு ஒருவன் வந்தான். ஏமாந்தவர்களின் பட்டியலும் கைமாறுகிறது, அதற்கும் ஒரு சந்தை இருக்கிறது.

படத்தையும் சொல்ல வேண்டும். அவன் அனுப்பிய படங்களை இணையத்தில் படத்தேடலில் போட்டுப் பார்த்தோம். அவை வேறொரு நாட்டில் இருக்கிற ஒரு பல் மருத்துவருடையவை. தன் படத்தை வைத்துப் பலரை ஏமாற்றுகிறார்கள், தயவுசெய்து நம்பாதீர்கள் என்று அவர் தன் பக்கத்தில் எழுதியிருக்கிறார். புகார் கொடுத்தால் ஒன்றை எடுக்கிறார்கள், அதே படம் வேறு பெயரில் திரும்ப வந்துவிடுகிறது என்றும் எழுதியிருக்கிறார். அதாவது அந்தப் படம் திருடப்பட்டது என்பது உங்கள் துறையில் யாரோ ஒருவருக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தி. அப்படியிருந்தும் அது ஒரு புதுக் கணக்கின் முகப்பில் ஏறி என் அக்காவின் கைப்பேசி வரைக்கும் வந்திருக்கிறது.

இதையெல்லாம் சொன்னால் உங்கள் பக்கத்திலிருந்து வருவது 'பாதுகாப்புக் குறிப்புகள்' என்ற ஒரு பக்கத்தின் இணைப்பு. நேரில் பார்க்காதவருக்குப் பணம் அனுப்பாதீர்கள், வீடியோ காலில் முகத்தைப் பாருங்கள், சந்தேகம் வந்தால் புகார் செய்யுங்கள். நல்ல குறிப்புகள்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் எதிரே இருப்பவர்கள் யார் என்று கொஞ்சம் பாருங்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இணைய மோசடி வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-இல் சொன்னது. நல்ல சம்பளத்தில் வேலை என்று அழைத்துப் போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, வேலிக்குள் அடைத்து, அடித்து உதைத்து இந்த வேலையைச் செய்ய வைக்கிறார்கள். மாத்திரை போட்டாயா என்று விசாரித்தவன்கூட அப்படி அடைபட்டவனாக இருக்கலாம், அதை நினைத்தால் கோபத்தை யார் மேல் காட்டுவது என்றே எனக்குத் தெரியவில்லை. முதல் நாள் என்ன எழுத வேண்டும், பத்தாம் நாள் என்ன எழுத வேண்டும் என்று முன்கூட்டியே எழுதித் தரப்பட்ட வசனம், ஷிப்டு முறையில் ஆட்கள், மாதம் இவ்வளவு வசூல் என்று இலக்கு. அந்தக் கூட்டத்தின் முன்னால் தனியாக ஒருத்தியை நிறுத்திவிட்டு, நீ ஜாக்கிரதையாக இரு என்கிறீர்கள்.

வீடியோ காலில் பார்த்துக்கொள் என்ற குறிப்புக்கும் இப்போது பழைய மதிப்பு இல்லை. ஹாங்காங் போலீஸ் 2024 அக்டோபரில் 27 பேரைக் கைது செய்தது. செயற்கை நுண்ணறிவில் செய்த டீப்ஃபேக் என்கிற போலி முகங்களோடு வீடியோ காலிலேயே பேசி, காதல் மோசடியில் சுமார் 4 கோடியே 60 லட்சம் அமெரிக்க டாலர் சுருட்டிய கும்பல் அது. முகம் பார்த்தேன், அசைந்தது, சிரித்தது, நம்பினேன் என்று ஒருவர் சொன்னால் அவரிடம் இனி என்ன குறை காண்பீர்கள்?

எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனிடம் 2022-இல் மட்டும் ஏறக்குறைய 70,000 பேர் காதல் மோசடிப் புகார் கொடுத்தார்கள், போன பணம் சுமார் 130 கோடி டாலர். இது ஒரு நாடு, ஒரு வருடம், அதுவும் வெளியே வந்து சொன்னவர்களின் கணக்கு. சொல்லாமல் உள்ளுக்குள் வைத்துக்கொண்டவர்கள் இதில் இல்லை, என் அக்காவே முதலில் என்னிடம்கூட வாய் திறக்கவில்லை. பணம் இழந்தவர்களில் 40 சதவீதம் பேர் தொடர்பு தொடங்கியது சமூக ஊடகத்தில் என்று சொல்லியிருக்கிறார்கள், இணையதளம் அல்லது செயலி என்று சொன்னவர்கள் 19 சதவீதம். ஆகவே சமூக ஊடகம் நடத்துகிறவர்களும் இதைத் தங்களுக்கு எழுதிய மடலாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் டேட்டிங் செயலிக்கு ஒருவர் வருவதே துணை தேடித்தான், மனதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வருகிறார், அதற்காகச் சந்தாவும் கட்டுகிறார், எனவே உங்கள் பொறுப்பு அதைவிடக் கூடுதல் என்பது என் கருத்து.

உங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். டேட்டிங் தளங்களை நடத்தும் மேட்ச் நிறுவனத்தின் மீது அதே கமிஷன் 2019-இல் போட்ட வழக்கைப் படித்துப் பார்த்தேன். மோசடி என்று நிறுவனமே சந்தேகப்பட்ட கணக்குகளிலிருந்து மெசேஜ் வந்தால், சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் சோதனை முடியும்வரை நிறுத்தி வைத்தார்கள், கட்டாதவர்களுக்கோ 'உங்கள் மேல் ஒருவருக்கு ஆர்வம்' என்று மின்னஞ்சல் அனுப்பிச் சந்தாவுக்கு இழுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2016 ஜூன் முதல் 2018 மே வரை அப்படிப்பட்ட விளம்பரம் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் 4,99,691 பேர் சந்தா கட்டியதாகப் புகாரில் எண் போட்டே சொல்லியிருக்கிறார்கள். நிறுவனம் மறுத்தது. தளங்களுக்குப் பாதுகாப்புத் தரும் அமெரிக்கச் சட்டப் பிரிவைக் காட்டி, இந்த விளம்பரம் பற்றிய பகுதியை 2022-இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. துணை கிடைக்காவிட்டால் சந்தா நீட்டிப்பு இலவசம் என்ற உத்தரவாதத் திட்டம், சந்தாவை ரத்து செய்யும் முறை போன்ற மற்ற குற்றச்சாட்டுகள் 2025-இல் 1 கோடியே 40 லட்சம் டாலருக்குச் சமரசமாக முடிந்தன. யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்பு எழுத வரவில்லை. எனக்கு அதில் உறைத்தது ஒன்றுதான்: சந்தேகக் கணக்கு எது என்று அடையாளம் காணும் வசதி அப்போதே இருந்திருக்கிறது. அது யாருக்காகப் பயன்படுகிறது என்பதுதான் கேள்வி.

அடுத்து நீங்கள் சொல்லும் காரணம் தனியுரிமை. அமெரிக்காவில் வெர்மான்ட் என்ற சிறிய மாநிலம் 2016-லேயே இதற்கு வழி கண்டுவிட்டது. டேட்டிங் சேவை ஒருவரை மோசடிக்காகத் தடை செய்தால், அவருடைய மெசேஜுக்குப் பதில் எழுதிய அந்த மாநில உறுப்பினர்கள் எல்லாருக்கும் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். என்ன சொல்ல வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. இன்ன பெயரில் இருந்தவர் தடை செய்யப்பட்டார், அவர் பொய் அடையாளத்தில் இருந்திருக்கலாம், அல்லது பணம் பறிக்க முயலும் ஆபத்து இருந்திருக்கலாம், யாருக்கும் பணமோ வங்கி விவரமோ அனுப்பாதீர்கள். அவ்வளவுதான். அவருடைய உண்மைப் பெயரோ முகவரியோ தேவையில்லை. தவறாகத் தடை செய்யப்பட்டவர் வழக்குப் போட்டால் என்ன செய்வது என்று பயப்படுகிறீர்களா, அப்படி அறிவித்ததற்காக நிறுவனத்தின் மேல் பொறுப்பு வராது என்ற பாதுகாப்பும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஒரு மாநிலத்து உறுப்பினர்களுக்குச் செய்ய முடிகிற இந்த வேலையை உலகம் முழுவதும் செய்ய என்ன தடை? கெட்டுப்போன மருந்து என்று தெரிந்தால் கடை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டால் போதுமா, வாங்கிக்கொண்டு போனவர்களுக்கும் சொல்லி அனுப்ப வேண்டாமா?

இந்த அறிவிப்பை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மோசடிக்காரன் முதலில் செய்வதே ஆளை உங்கள் செயலியிலிருந்து வெளியே கூட்டிக்கொண்டு போவதுதான். அதற்கப்புறம் வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ நடப்பதை நீங்கள் பார்க்க முடியாது, உண்மைதான். ஆனால் ஏமாறுகிறவரை எட்டும் ஈமெயிலும் போன் நம்பரும் உங்களிடம் இருக்கின்றன. வீட்டில் நாங்கள் சொன்னால் காதில் ஏறாது. நம் மகிழ்ச்சியைப் பொறுக்காதவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று அவன் முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பான், அக்காவிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தான். அவர்கள் சந்தித்த இடமே நேராக வந்து, அந்தக் கணக்கை நாங்கள்தான் நீக்கினோம், மோசடிச் சந்தேகம் என்று சொல்லியிருந்தால், நான்தான் மூடினேன் என்ற அவனுடைய பொய் அன்றைக்கே அவள் கண் முன்னால் உடைந்திருக்கும். எல்லாரும் உடனே விழித்துக்கொள்வார்கள் என்று நான் சொல்லவில்லை. அக்கா விழித்திருப்பாள், எனக்கு அவளைத் தெரியும்.

பணம் போன பிறகு யார் சுமப்பது என்பதும் இருக்கிறது. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், இப்படி ஏமாந்து உள்நாட்டுக் கணக்குக்குப் பணம் அனுப்பியவர்களுக்கு 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும், அனுப்பிய வங்கி பாதி, வாங்கிய வங்கி பாதி. மோசடி தொடங்கிய தளத்துக்கு அந்தக் கணக்கில் பங்கில்லை. ஆஸ்திரேலியா 2025-இல் கொண்டுவந்த சட்டம் வங்கி, தொலைத்தொடர்பு நிறுவனங்களோடு டிஜிட்டல் தளங்களையும் கடமைக்குள் இழுக்கிறது, தவறினால் 5 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம் போக வழியிருக்கிறது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று உங்கள் வழக்கறிஞர்களுக்குத் தெரியும். சட்டம் வந்து கழுத்தைப் பிடிக்கும்வரை காத்திருக்காமல் நீங்களாகவே செய்தால், அந்த இடைவெளியில் எத்தனையோ பேரின் சேமிப்பு பிழைக்கும்.

சரி, கேட்பதை நேராகவே கேட்கிறேன்.

மோசடிக்காக ஒரு கணக்கை நீக்கினால், அதோடு பேசிய ஒவ்வொருவருக்கும் 24 மணி நேரத்துக்குள் தெரிவியுங்கள், எந்த நாட்டில் இருந்தாலும். செயலிக்குள் ஒரு மூலையில் போடாமல் ஈமெயிலுக்கும் போனுக்கும் அனுப்புங்கள், ஏனென்றால் பலர் அதற்குள் செயலியையே நீக்கியிருப்பார்கள். அவரவர் மொழியில் அனுப்புங்கள். 'சமூக வழிகாட்டு நெறிகளை மீறியதால்' என்று மழுப்பாமல், மோசடிச் சந்தேகம், பணம் அனுப்பாதீர்கள், அனுப்பியிருந்தால் இப்போதே வங்கியைக் கூப்பிடுங்கள் என்று எழுதுங்கள்.

கணக்கை நீக்கும்போது உரையாடலையும் பாதிக்கப்பட்டவரிடமிருந்து பிடுங்காதீர்கள். போலீஸ் அக்காவிடம் முதலில் கேட்டதே அந்தப் பழைய மெசேஜ்களைத்தான், அவளிடம் இல்லை, அவள் அழிக்கவும் இல்லை. அவர் எழுதியதும் அவருக்கு வந்ததும் அவருடைய சாட்சியங்கள். தேதி, நேரத்தோடு தரவிறக்கிக்கொள்ள வழி செய்யுங்கள், விசாரணைக்காக உங்களிடமும் ஒரு பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள்.

திருட்டுப் படம் என்று ஒருமுறை உறுதியானால் அது மறுபடி ஏறவே கூடாது. ஒரே படத்தை அடையாளம் காணும் தொழில்நுட்பம் உங்களுக்குப் புதிதல்ல. தன் படம் திருடப்பட்டவர் உங்கள் செயலியில் கணக்குத் திறக்காமலே புகார் கொடுக்க ஒரு வழி வையுங்கள். புதிதாகச் சேர்பவர் கேமரா முன்னால் முகத்தைக் காட்டும் சோதனையை டிண்டர் 2025-இல் கலிஃபோர்னியாவில் கட்டாயமாக்கியது, அதைச் சில இடங்களோடும் ஒரு செயலியோடும் நிறுத்தாமல் எல்லாரும் எல்லா இடத்திலும் செய்யுங்கள். டீப்ஃபேக் அதையும் ஏமாற்றப் பார்க்கும், அதனால் ஒருமுறை பார்த்ததோடு விடாமல், சந்தேகம் வரும்போதெல்லாம் திரும்பப் பாருங்கள்.

உங்களில் ஒருவர் தடை செய்தவன் அடுத்தவரின் செயலியில் அன்றைக்கே புதுக் கணக்கு திறக்கிறான். மேட்ச் குழுமம், ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா, கிரிப்டோ வாங்கி விற்கும் தளமான காயின்பேஸ் போன்றவை 2024-இல் மோசடிக்கு எதிராக ஒரு கூட்டணி அமைத்ததாக அறிவித்தன. அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கும் நிறுவனங்களும் சேருங்கள். போன் நம்பர், படம், பணம் கேட்டு அனுப்பப்பட்ட கிரிப்டோ முகவரி ஆகியவற்றை உங்களுக்குள் பகிர்ந்துகொள்ளுங்கள், வங்கிகளுக்கும் கொடுங்கள். எத்தனை கணக்கு நீக்கினீர்கள், புகார் வந்து எத்தனை மணி நேரத்தில் நீக்கினீர்கள், எத்தனை பேருக்குத் தெரிவித்தீர்கள் என்று ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடுங்கள்.

புகார் செய்தவரிடம் ஒரு மனிதர் பேச வேண்டும். அக்காவுக்குக் கிடைத்தது ஒரு புகார் எண்ணும், தானாக வரும் பதில்களும்தான். பணத்தை இழந்து, நம்பியவனை இழந்து, வீட்டில் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நிற்கிறவர் முதலில் வந்து நிற்பது உங்கள் உதவிப் பக்கத்தில். அடுத்து வங்கிக்கு என்ன சொல்வது, போலீஸுக்கு எதைக் கொடுப்பது, மீட்டுத் தருகிறேன் என்று வருகிறவனை ஏன் நம்பக் கூடாது என்று எடுத்துச் சொல்லப் பயிற்சி பெற்ற ஆட்களை அங்கே வையுங்கள்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எந்தத் தேதிக்குள் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், ஏன் என்று பெயர் போட்டுப் பொதுவில் பதில் தாருங்கள். அக்காவின் புகார் எண் அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. அவள் கேட்ட கேள்விக்கும் அவளுக்கே நேரடியாகப் பதில் எழுதச் சொல்லுங்கள்.